சபையும் ஒரு பிள்ளை

அன்புள்ள அம்மாவுக்கு கெரிட் எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். இந்தக் குளிரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன வாரம் எண்ணெய்க் கிணற்று ஏணியில் பனி உறைந்திருந்தது, வழுக்கிவிட்டேன். மணிக்கட்டில் சுளுக்கு, அவ்வளவுதான். கையெழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதீர்கள்.

நீங்கள் உயில் எழுதப்போவதாக ஹார்லன் அண்ணன் போனில் சொன்னான். எங்கள் இருவரோடு சபையையும் ஒரு பிள்ளையாக எண்ணி நிலத்தை மூன்றாகப் பிரிக்கிறீர்களாம். அயோவாவில் நம் சபையார் வழக்கம்தான். ஆனால் மூன்றில் ஒரு பங்கு நிலத்தை வைத்துக்கொண்டு அண்ணன் பால்மாடுகளுக்கு எப்படித் தீனி போடுவான்? விற்கத்தான் வேண்டும். கேட்டதிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை.

கூட வேலை செய்யும் டஸ்டினிடம் இதைச் சொன்னேன். அவன், "உங்க கடவுள் ஒரு நாளாவது சாணி அள்ளினாராடா?" என்று சிரித்தான்.

"அவரும் அள்ளல, நானும் அள்ளல. எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பங்கு போதும்டா" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். பிறகு யோசித்தால் அதுவே சரியாகப் பட்டது.

ஆகவே நிலத்தை இரண்டாகவே பிரித்துவிடுங்கள் அம்மா. பாதி அண்ணனுக்கு, என் பாதி சபைக்கு.

பிரசங்கம் தொடங்கியதும் பெஞ்சில் கைமாற்றுவீர்களே, அந்தப் புதினா மிட்டாய் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமையும் வேலைதான். கம்பளிக் காலுறையும் வையுங்கள். வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டிக்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான், கிளம்புகிறேன்.

நிலத்தில்தான் பங்கு வேண்டாம் என்றேன் அம்மா. கிறிஸ்துமஸ் அன்று மேசையில் என் தட்டை வைக்காமல் விட்டுவிடாதீர்கள்.

கெரிட்