பொட்டலத்தில் இருக்கும் முடி

கோட்டயம் ஆஸ்பத்திரி,
9.7.1976

அத்தான் சுவக்கீன் அவர்களுக்கு மிக்கேல்ராஜ் எழுதுவது.

என் அக்கா இன்பமேரியின் தலையை அழுகவிட்டது நீங்கள்தான். முந்திய இரண்டு கடிதங்களிலும் சுகம் விசாரித்தேன், பதில் இல்லை. இதில் விசாரிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அவள் தலையில் கட்டிகள் கிளம்பியபோது, குணமானால் வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போய் முடி கொடுப்பதாக நேர்ந்தவர் நீங்கள். அதுவரை கத்தி படக்கூடாது என்றீர்கள். பிறகு சீழ் நாற்றம் தாங்காமல், வடகரப்பதிக்குக் கிணறு வெட்டப் போனவர் திரும்பவே இல்லை. ஏலப்பாறையில் எஸ்டேட் கம்பவுண்டர் ஊதா மருந்தைத் தடவி அவளை வேலைக்கு அனுப்பினார். கொழுந்துக் கூடையின் கயிறு அந்தப் புண்மேல்தான் கிடந்தது. நிறுவைக்கு வந்தால் கங்காணி, "ஏட்டி, காத்துக்கு அந்தப் பக்கம் நில்லு, தேயிலையில நாத்தம் ஏறிரும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தோலுக்கடியில் சீழ் வழி பண்ணி ஓடுகிறது, தலையை மழித்து உச்சியில் கொஞ்சம் அறுத்தெடுத்தால் போதும் என்று இந்த ஆஸ்பத்திரி டாக்டர் போன வருடமே சொன்னார். "நேந்தது அவருல்லா, அவரு வராம எப்படி மழிக்க?" என்று அக்கா எஸ்டேட்டுக்கே பஸ் ஏறிவிட்டாள். பதினோரு மாதம் காத்திருந்தாள். மே கடைசியில் காய்ச்சலில் நினைவு தப்பியபோது நான் கையெழுத்துப் போட்டேன். உச்சியிலிருந்து பிடரி வரை தோலை எடுத்துவிட்டு, தொடைத் தோலை வைத்துத் தைத்தார்கள். பிடரியில் ஒட்டவில்லை. தொடையில் இன்னொரு முறை எடுக்க வேண்டுமாம். இனி முடி முளைக்காது.

மழித்த முடியை எரிக்கக் கொண்டுபோன நர்சிடம் கெஞ்சி வாங்கி வைத்திருந்தேன். கண் விழித்ததும் அக்கா கேட்டது அதைத்தான். பலமுறை அலசி, பேப்பரில் பொதிந்து தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். வாடை போகவில்லை. மழை வலுத்தால், அத்தானிடம் குடை இருக்குமா என்று என்னைக் கேட்கிறாள்.

லாரி டிரைவர் அழகுமலை உங்களை வடகரப்பதியில் பார்த்திருக்கிறார். பெண்டாட்டி செத்துவிட்டாள் என்று அந்த ஊரில் சொல்லியிருக்கிறீர்களாம். அக்காவிடம் நான் சொன்னது, கிணற்றில் இன்னும் தண்ணீர் காணவில்லை என்று.

மாதா உங்களுக்கு நல்ல சுகம் தரட்டும் என்று அக்கா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

என் விலாசம் எழுதிய கார்டு ஒன்று இத்துடன் இருக்கிறது. தேதி மட்டும் எழுதினால் போதும். கட்டு அவிழ்க்கும்போது பக்கத்தில் நின்று அவள் தலையைப் பாருங்கள். நேர்ந்த முடியை உங்கள் கையால் வாங்குங்கள்.

எந்தத் தேதி வருகிறீர்கள்?

மிக்கேல்ராஜ்