கழுவித் திரும்பிய போத்தல்கள்

மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் இருக்க, மேசைமேல் கிடக்கும் ஒரு கடிதத்தின் மீது உன் போத்தலை வைத்திருக்கிறேன். பழுப்புக் கண்ணாடி, வெள்ளை மூடி, பாதி உரிந்த ஒட்டுத்தாளில் உன் கையெழுத்தில் ஓர் எண். மூடியைத் திறந்தால் ஏலக்காய் வாசனை. உன்னை அடக்கம் செய்த மறுவாரம் உன் மகள் இதைக் கிள்ளானில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "ஆன்டி, இத உங்க கையிலதான் குடுக்கணும்னு அம்மா சொன்னாங்க. எதுக்குன்னு கேட்டா, அக்காவுக்குத் தெரியும்னு சொல்லிட்டாங்க."

எனக்குத் தெரியும்.

பிரிக்பீல்ட்ஸ் தேவாலயத்தில் நடந்த உன் இறுதி ஆராதனையில், மருத்துவமனையின் சார்பில் பேசிய ஒருவர் உன்னை அமைதியான ஊழியர் என்று புகழ்ந்தார். பக்கத்தில் இருந்த உன் தம்பி சிரிப்பை அடக்க இருமினார். உன்னோடு ஒரே ஒரு நாள் வேலை செய்திருந்தாலும் அந்த மனிதர் வேறு சொல்லைத் தேடியிருப்பார்.

பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் நாம் சேர்ந்தபோது இருவருக்குமே நாற்பது வயது. நீ தாதி, ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். நான் புள்ளியியல் படித்தவள். மனிதர்களைவிட எண்கள் குறைவாகப் பொய் சொல்லும் என்று நம்பியவள். நாலு மாதம் மூத்தவள் என்பதற்காக நீ என்னை அக்கா என்றாய். அது மரியாதைக்காக அல்ல, வயதை நினைவூட்டுவதற்காக.

இனிப்புநீர் என்று நாம் சொல்லும் சர்க்கரை நோய்க்கான ஒரு மாத்திரை, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களிடம் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் நம் ஆய்வு. மாதம் ஒரு முறை நீ அவர்கள் இருக்கும் கேரி தீவுக்குப் போய் இரத்தம் எடுப்பாய், புதுப் போத்தல் கொடுப்பாய், பழையதை வாங்கி வருவாய். மிச்சமிருக்கும் மாத்திரைகளை நான் எண்ணிப் பதிவேன். ஆய்வுத் தலைவரின் விதி எளிமையானது: போத்தல் காலியென்றால் எல்லா மாத்திரையும் உள்ளே போயாயிற்று. அதன்படியே கட்டங்களை நிரப்பினேன். மூன்று மாதங்கள் சென்றன. போத்தல்கள் அனைத்தும் காலி. இரத்தத்தில் சர்க்கரையின் சராசரி மட்டும் இறங்கவில்லை. மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்குவது என்று தலைவர் முடிவு செய்தார். அந்த முடிவுக்கு ஆதாரமான அட்டவணையை அழகாகக் கோடு போட்டுக் கொடுத்தவள் நான்.

அன்று மதியம் நீ கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, மூன்று போத்தல்களை என் முன்னால் வரிசையாக வைத்தாய்.

"முதல்ல இத மோந்து பாருங்க அக்கா."

"சவுக்கார வாசன."

"கழுவியிருக்காங்க. இப்ப உள்ள பாருங்க."

ஒன்றில் கற்கண்டு, ஒன்றில் சீரகம், ஒன்றில் ஏலக்காய்.

"இனிப்புநீர்க்காரங்க கற்கண்டு குடுத்து விடுறாங்களா? ரொம்ப நல்ல ஆய்வுதான்" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. "அடுத்த வீட்டுப் பாத்திரத்த நாம வெறுமையா திருப்பிக் குடுப்போமா? மூணு மாசமா இதையெல்லாம் என் பையில கொட்டிக்கிட்டு, உங்ககிட்ட காலிப் போத்தலக் குடுத்திருக்கேன். நம்ம வீட்டுப் பழக்கம்தானே, அதான் எனக்கே உறைக்கல. கழுவுறதுக்கு முன்னால உள்ள எத்தன மாத்திர இருந்துச்சு? உங்க கட்டம் சொல்லுமா லா?"

என் கட்டம் நூறு விழுக்காடு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் உன் காரில் கேரி தீவுக்குப் போனோம். உன் காரில் குளிர்சாதனம் என்பது கண்ணாடியை இறக்கிவிடுவதுதான். முதல் வீடு பாக்கியத்துடையது. செம்பனை மரத்தடியில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கும் வேலை அவருக்கு. "வாங்க மிஸ்ஸி, பசியாறிட்டீங்களா?" என்று உன்னை வரவேற்றவர், என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"இவங்க யாரு, பெரிய டாக்டரா?"

"கணக்கு டீச்சர் மாதிரி. கடிக்க மாட்டாங்க, உக்காருங்க."

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்று நான் கேட்டிருப்பேன். ஆமாம் என்ற பதிலோடு திரும்பியும் இருப்பேன். நீ அதைக் கேட்கவே இல்லை. காலையில் எத்தனை மணிக்குப் பசியாறுவீர்கள் என்று கேட்டாய்.

"பெரட்டு அஞ்சரைக்கு மிஸ்ஸி. ஆபீஸ் கிராணி பேரு கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்குறப்ப நிக்கணும்ல. சோறு பத்து மணிக்குத்தான்."

"மாத்திரய எந்திரிச்சதும் போடணும்னு நான்தானே சொன்னேன்?"

பாக்கியம் தரையைப் பார்த்தார். "மூணு நாளு வெறும் வயித்துல போட்டேன். கை நடுங்கிச்சு, வேர்த்து ஊத்திச்சு. மரத்தடியிலயே விழுந்துட்டேன். குடிச்சிட்டு வந்தியான்னு கிராணி கேட்டாரு."

"அதுக்கப்புறம்?"

"கறிவேப்பிலச் செடிக்கு அடியில போட்டுட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"இம்புட்டு தூரம் வரீங்க. உங்க மனசு நோகும்ல."

"விடுங்க. அந்தச் செடிக்கு இனிமே இனிப்புநீர் வராது" என்றாய். பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதன் பிறகுதான் அடுத்தடுத்த வீடுகளில் உண்மை வெளியே வந்தது. பலரும் மயக்கம் வந்து பயந்து நிறுத்தியவர்கள். ஒரே ஒருத்தி மட்டும், கைநடுக்கத்தோடு, ஒரு நாளும் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தாள். மிஸ்ஸி சொன்னார்களே என்பதற்காக. அளவை இரட்டிப்பாக்கியிருந்தால் அவள்தான் அதையும் சொன்னபடி விழுங்கியிருப்பாள். என் அட்டவணை ஒரு பெண்ணின் உயிரை எவ்வளவு நெருங்கி வந்திருந்தது என்பதை அவள் நடுங்கும் கையால் கொடுத்த தேநீரைக் குடித்தபடி பார்த்தேன்.

திரும்பி வந்து, நூறு என்று எழுதிய இடங்களிலெல்லாம் 'தெரியாது' என்று எழுதினேன். ஒரு தாதியின் பேச்சைக் கேட்டு ஆய்வையே கெடுக்கிறீர்களா என்று தலைவர் கேட்டார். "போத்தல் பேசாது டாக்டர். ஆளுதான் பேசும். போய்க் கேட்டுப் பாருங்க" என்றாய். அளவு கூடவில்லை. மாத்திரை பத்து மணிச் சோற்றுக்கு மாறியது. இரண்டு வாரத்தில் நீ வெளிநோயாளிகளுக்கு இரத்தம் எடுக்கும் கவுண்டருக்கு மாற்றப்பட்டாய்.

ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது என் பெயர் இரண்டாவதாக இருந்தது. உன் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. 'வீடுகளுக்குச் சென்று அறியப்பட்டது' என்று ஒரு வரி. சென்றது யார் என்று சொல்லத் தேவையில்லாத வாக்கியம். அதை எழுதியவள் நான். உன் பெயரைச் சேர்க்கச் சொல்லியிருக்கலாம். பதவி உயர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, சொல்லவில்லை. நீ ஒரு முறையும் அதைப் பேசவில்லை. ஏலக்காயோடு வந்த பாக்கியத்தின் போத்தலை உன் கவுண்டரில் வைத்துக்கொண்டு, ஏலக்காய் தீரத்தீர நிரப்பி, நான் கடந்துபோகும்போதெல்லாம் ஒன்றை நீட்டினாய். "சாப்பிடுங்க அக்கா. வாய் திறக்கறதுக்கு நல்லது."

இப்போது அந்த மருத்துவமனையின் ஆய்வு நெறிமுறைக் குழுவில் வெளி உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறேன். குழு புதன்கிழமைகளில் கூடும். சென்ற புதன்கிழமை ஒரு புதிய மருந்தாய்வு எங்கள் முன் வந்தது. அதில் ஒரு வரி: காலியாகத் திரும்பும் போத்தல் முழுமையாக உட்கொள்ளப்பட்டதாகக் கொள்ளப்படும். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். குழுத் தலைவர் தமிழர், என் மகன் வயது. என் பக்கம் குனிந்து, "ஆன்டி, சின்ன விஷயம் லா. இப்ப எல்லா ஆய்விலயும் இப்படித்தான்" என்றார்.

கைப்பையிலிருந்து உன் போத்தலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இதுல எத்தன மாத்திர இருந்துச்சு, சொல்லுங்க."

திறந்து முகர்ந்தார். "ஏலக்காய்."

"நான் எண்ணிக்கையக் கேட்டேன்."

நான் என் மறுப்பைச் சொன்னேன். அளவைக் கூட்டுமுன் ஒருவர் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும்; கேட்டு வருகிறவரின் பெயர் கட்டுரையின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்பு இதே பிரிவில் அப்படிக் கேட்டு வந்தவர் ஒருவர் உண்டு என்றும் சொன்னேன். கூட்டக் குறிப்பில் உன் முழுப் பெயரை எழுதச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, எழுதியதை உரக்க வாசிக்க வைத்தேன். முப்பது ஆண்டுகள் தாமதம். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நீ என்னைக் கிண்டல் செய்திருப்பாய்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. என் வயதையும் நீண்ட சேவையையும் மதித்து, குழுவிலிருந்து விலகி ஓய்வெடுக்க வாய்ப்பளிக்கிறார்களாம். கீழே நான் கையெழுத்திட வேண்டிய இடத்தில் ஒரு புள்ளிக்கோடு. அதன் மேல்தான் உன் போத்தல் நிற்கிறது. என் பதவிக்காலம் முடிய இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது. நானாக எழுந்தால் ஒழிய அவர்களால் என்னை எழுப்ப முடியாது. விதிகளைப் படித்துப் பார்த்துவிட்டேன்.

போத்தலில் மூன்று ஏலக்காய்தான் மிச்சம். நாளை கடைக்குப் போய் நிறைய வாங்க வேண்டும். புதன்கிழமைகள் இன்னும் நிறைய இருக்கின்றன.