இரண்டு படி கீழே

மச்சான்,

இன்று காலை உன் கணினி தேதியை மறந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள். மேல் மூலையில் எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதி. அதன் கீழே பிராசசரின் வேகம். நீ ஏற்றிவைத்த வேகம் இல்லை, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த வேகம்.

கிள்ளானில் என் வீட்டுக்குப் பக்கத்துக் கணினிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். போர்டில் உள்ள, காசு அளவு பேட்டரி செத்துவிட்டது என்றார் கடைக்காரர். தேதியும் நீ வைத்த அளவுகளும் அதன் தயவில்தான் இருந்தனவாம். புதியது போட்டுவிட்டுச் சொன்னார். "தேதிய நீங்களே வச்சுக்கலாம் அங்கிள். பழைய செட்டிங் போனது போனதுதான்லா."

நாம் வேலை பார்த்த பத்திரிகையில், நான் எழுதிய செய்திகளை நீதான் பக்கமாக அடுக்குவாய். ஒருநாள் நேற்றைய தேதியோடு ஒரு பக்கம் அச்சாகிவிட, வாசகர்கள் பொழுது சாயும்வரை போனில் கேலி செய்தார்கள். அதன்பின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உன் கண் முதலில் தேதிக்குத்தான் போகும். "செய்தி தப்புன்னா நாளைக்குத் திருத்தலாம். தேதி தப்புன்னா பக்கமே பொய்" என்பாய்.

பத்திரிகை மூடிய பிறகு உன் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் கல்யாண வீடியோ தொகுக்க உட்கார்ந்தாய். கணினி பழையது. ஒரு கல்யாணத்தை முடிக்க அதற்கு ஒரு பகல் போதாது. புதியது வாங்க வழியில்லை, இருப்பதையே வேகமாக ஓடவைக்கிறேன் என்றாய். வேகம் ஏறினால் சூடும் ஏறும். அந்தச் சூட்டைச் சுமந்துபோகத்தான் தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் உன் மனைவியும் கோயில் பூசை முடிந்து வரும் நேரத்துக்கு நானும் வந்துவிடுவேன். பிராசசர் மேல் செம்புக் கட்டியைப் பொருத்தினாய், குழாய்களை இணைத்தாய், காய்ச்சி வடித்த நீரை ஊற்றினாய். பிறகு கணினிக்கு மின்சாரமே கொடுக்காமல், பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ சுற்றினாய். மறுநாள் வரை காய்ந்திருந்தால்தான் மேலே போவதாம்.

கம்ப்யூட்டருக்கு டயப்பரா என்று கேட்டேன். உள்ளே தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்த உன் மனைவி ஸ்டெல்லா சிரித்துவிட்டார். நீ சிரிக்கவில்லை. "ஒன்னோட நியூஸ் மாதிரி இல்ல மச்சான். இது நனைஞ்சா மறுப்புப் போட முடியாது."

வேகத்தை ஒரு படி ஏற்றுவாய். மணிக்கணக்கில் கடும் சோதனை ஓடும், நீ வெப்ப அளவை விட்டுக் கண்ணெடுக்க மாட்டாய். தாங்கினால் அடுத்த படி. அதுவும் உச்சி வெயிலில், ஏர்கோனை நிறுத்திவிட்டுச் சோதிப்பாய். அறைக் காற்றைவிடத் தண்ணீர் குளிராது, மோசமான நேரத்தில் தாங்குவதுதான் தாங்குவது என்பது உன் கணக்கு. ஒரு படியில் திரை உறைந்து நின்றது. எல்லை கிடைத்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். நீ இரண்டு படி இறங்கி அங்கே நிறுத்தினாய். "எல்லை தெரிஞ்சாச்சுல்ல. அங்க போய்க் குடியிருக்க வேணாம்."

ஈரல் கைவிட்டு நீ மருத்துவமனையில் கிடந்தபோது, கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துக் குழாயின் இணைப்பைக் காட்டினாய். "ஒரு டிஷ்யூ சுத்து மச்சான். கசியுதான்னு பாப்போம்." சுற்றினேன். தாதி முணுமுணுத்துக்கொண்டே பிரித்து எறிந்தார். அடுத்த நாளும் சுற்றினேன். கடைசிவரை அது காய்ந்தே இருந்தது. கசிவு நம் இருவர் கைக்கும் எட்டாத இடத்தில் இருந்தது.

அடக்கம் முடிந்த சில வாரங்களில் ஸ்டெல்லா கூப்பிட்டார். "எடுத்துட்டுப் போயிடுங்கண்ணே. அந்தப் பம்பு சத்தம் கேட்டா அவரு உள்ள வேல செய்யிற மாதிரியே இருக்கு." அந்தச் சத்தத்துக்காகவே நான் எடுத்து வந்தேன். நீ நிறுத்திய இடத்தில், நீ கொடுத்த வேகத்தில், உன்னுடையதென்று இந்த உலகத்தில் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

அதனால்தான் கடையில் கெஞ்சினேன். வேகம் எனக்கு நினைவிருந்தது. அதற்கு எவ்வளவு மின்னழுத்தம் கொடுத்தாய் என்பது உனக்கு மட்டுமே தெரியும். குத்துமதிப்பாகக் கூட்டினால் கருகிவிடும் என்று கடைக்காரர் மறுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மின்னழுத்தத்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் ஒரு படி ஏற்றிப் பார்த்தார். தாங்கியது. இன்னொரு படியில் திரை உறைந்தது. "வயசாயிடுச்சு அங்கிள். அதே நம்பர் கெடச்சாலும் இனிமே தாங்காது. சும்மா விடுங்க." பிறந்த வேகத்துக்கே இறக்கிக் கொடுத்தார்.

வீட்டில் அந்தக் கறுப்புத் திரையை மறுபடி திறந்தேன். பம்பு ஓடியது. மூலையில் அந்த ஜனவரி அப்படியே இருந்தது, நொடிகள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தன. அந்தத் தேதியில் நீ இருக்கிறாய். மாற்றாமல் விட்டாலும் கேட்க ஆளில்லை.

ஆனால் எதைத் திறந்தாலும் என் கண்ணும் இப்போது முதலில் தேதிக்குத்தான் போகிறது. அது உன்னிடமிருந்து ஒட்டியது. வேறொன்றும் மிஞ்சவில்லை.

ஆண்டை ஒவ்வொன்றாக ஏற்றினேன். இன்றைக்கு இரண்டு படி கீழே, நீ இறந்த ஆண்டில், விரல் நின்றது. இது பிராசசரின் வேகமாக இருந்திருந்தால் நீ அங்கேயே நிறுத்தியிருப்பாய். இது தேதி. இன்றைய தேதிவரை ஏற்றினேன். சேமிக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன்.