பகல் மாத்திரை

மார்ச் 4
ஆண்கள் பிரிவு, மூன்றாம் வார்டு

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு முதல்முறையாக உனக்குக் காகிதத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். பதினெட்டுச் சக்கர வண்டியைத் திருப்பிய கை இப்போது தேநீர் டம்ளரைத் தூக்கவே துணைக்கு இன்னொரு கையைக் கூப்பிடுகிறது.

வார்டில் இருபத்திரண்டு பேர். பக்கத்துக் கட்டில்காரர் தையல் வேலை செய்தவர். நாள் முழுக்கக் காற்றில் ஊசி கோர்க்கிறார். நம்மைத் தொந்தரவு செய்வதில்லை.

நீ செய்ததைக் கூடப் பிறந்தவன்கூடச் செய்யமாட்டான். வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தாய். எட்டு நாள் உன் மருந்துக்கடை மாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டாய். நான் தூங்கினேன், எழுந்து தின்றேன், மறுபடி தூங்கினேன். பிறகு நீயே கூட்டி வந்து இங்கே சேர்த்தாய்.

அன்றைக்கு நான் செய்தது எனக்கு முழுக்க நினைவிருக்கிறது. மறந்து தொலைந்திருக்கலாம். ஐந்து நாள் கண் மூடாமல் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். தெருமுனையில் நின்ற பால் வண்டி எங்களைக் கொல்ல வந்திருக்கிறது என்று தெரிந்தது. நினைத்தேன் என்று சொல்லமாட்டேன் மச்சான். என் பெயர் எனக்குத் தெரிவதுபோல் தெரிந்தது. உன் தங்கையையும் குட்டியையும் குளியலறைக்குள் தள்ளிப் பூட்டினேன், கதவுக்குக் குறுக்கே கட்டிலை இழுத்துப் போட்டேன். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரை. காப்பாற்றுகிறேனாம். உள்ளேயிருந்து குட்டி தட்டித் தட்டி, "அப்பா, இனிமே நல்லா படிக்கிறேன்பா, தொறந்து விடுப்பா" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்திருக்கிறாள்.

ஒரு உதவி. இங்கே ஒரு டாக்டரம்மா பார்க்கிறார். "முழிச்சிருக்க ஏதாவது மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார். "போட்டேம்மா. பேரு தெரியாது, பகல்னு சொல்லுவோம்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நீ வைத்த பெயர்தானே அது! "தூக்கம் வருதா மாப்ள? இந்தா, ரெண்டு பகல் போட்டுக்க" என்று வெற்றுக் காகிதத்தில் மடித்துத் தருவாய். மாத்திரையின் நிஜப் பெயரை ஒரு வரி எழுதி டாக்டரம்மாவுக்கு அனுப்பு. அது தெரிந்தால் வைத்தியம் எளிதாம்.

உன் தங்கையை எழுதச் சொல். குட்டிக்கு என் முத்தங்கள்.

உன் மாப்பிள்ளை


மார்ச் 12

என் அருமை மாப்ள,

உன் கடிதம் கண்டேன். கோணல் எழுத்தா? எட்டாம் வகுப்பில் நீ எழுதியதைவிட நன்றாகவே இருக்கிறது.

இங்கே எல்லோரும் சுகம். தங்கையும் குட்டியும் என் வீட்டு மாடி அறையில் இருக்கிறார்கள். குட்டி பள்ளிக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள். தங்கைதான் வேலைக்குப் போய்வந்தால் வாயைத் திறப்பதில்லை. இப்போதைக்கு அவளிடமிருந்து கடிதத்தை எதிர்பார்க்காதே. "பிறவியிலேயே இருந்திருக்கும்மா, யாரு என்ன பண்ண முடியும்" என்று ஆறுதல் சொல்லி வைத்திருக்கிறேன். உன்மேல் கோபம் வராமல் இருக்கத்தான்.

நீ கேட்ட விஷயம். மாப்ள, பகல் கிகல் என்று அங்கே வாயைத் திறக்காதே. போதைக்காரன் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் உன் ஓட்டுநர் உரிமம் போச்சு. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன். கொடுக்கிற மருந்தைச் சாப்பிடு, டாக்டர் சொல்வதற்குத் தலையாட்டு, சீக்கிரம் வெளியே வா. பழசைக் கிளறி ஆகப்போவது ஒன்றுமில்லை.

கடையில் இந்த மாதம் அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள். தலைக்கு மேல் வேலை. அதனால் நேரில் வரமுடியவில்லை, மனசில் வைத்துக்கொள்ளாதே.

என்றும் உன் மச்சான்


மார்ச் 20
மூன்றாம் வார்டு

அன்புள்ள மச்சான்,

நீ வாயைத் திறக்காதே என்றாய். இப்போது நிஜமாகவே திறக்க முடியவில்லை. தாடை இறுகிக்கொள்கிறது. எச்சில் வழிவது எனக்கே தெரிவதில்லை, தையல்காரர்தான் துண்டை நீட்டுகிறார். நடந்தால் கால் தரையோடு தேய்கிறது. ஓரிடத்தில் உட்காரவும் முடியவில்லை, உடம்புக்குள் யாரோ வண்டியை அணைக்காமல் விட்டுப் போனதுபோல இருக்கிறது.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மூளையில் ஒரு ரசாயனம் இருக்கிறதாம். எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லுகிற சரக்கு. முழிக்க வைக்கிற மாத்திரை அதை ஒரேயடியாகக் கொட்டிவிடும், கொட்டியதைத் திரும்ப அள்ளவும் விடாது. அப்புறம் பார்க்கிறதெல்லாம் முக்கியமாகிவிடும். பால் வண்டிகூட. தூக்கமும் இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். எனக்கு இப்போது தருகிற மருந்து அதே ரசாயனத்தின் வழியை அடைக்கிறது. அதனால்தான் கையும் தாடையும் இப்படி. "இது மாத்திரையால வந்ததுன்னா சில வாரத்துல தெளிஞ்சுடும், மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தலாம். பரம்பரை நோய்னா வருஷக்கணக்கா தரணும். ரொம்ப நாள் தந்தா சில பேருக்கு இந்த வாய்க்கோணல் போகாமலே நின்னுடும்" என்றார்.

"அப்ப எனக்கு எதும்மா?" என்றேன்.

கோப்பைத் திறந்து படித்தார். 'மாத்திரைப் பழக்கம் எதுவும் இல்லை. சிறு வயது முதலே சந்தேக குணம். தகப்பனாருக்கும் மனநோய் இருந்தது. தகவல் தந்தவர்: மனைவியின் அண்ணன்.' கீழே உன் கையெழுத்து.

மச்சான், என் அப்பா தபால்காரர். அவருக்கு இருந்தது சர்க்கரை வியாதி. அதில் கால் போனது. அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு பக்கம் தோள் கொடுத்தவன் நீ. செத்தவரைப் பைத்தியமாக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

இன்னொன்றும் கேட்கிறேன். சேர்த்த அன்று சிறுநீர் சோதித்தார்களாம், எந்த மருந்தும் தெரியவில்லையாம். நாலைந்து நாளில் போய்விடும் என்கிறார் டாக்டரம்மா. நீ என்னை எட்டு நாள் மாடியில் வைத்திருந்தாய். அன்பினால் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் சொன்னால் எடுபடவில்லை. வார்டில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், என்னுடையதும் அதில் ஒன்று. நீ ஒரு வரி எழுது. அது போதும்.

மாப்பிள்ளை


மார்ச் 31

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வருத்தமாக இருக்கிறது. உங்கள் குடும்பத்தை ஒரு மாதத்துக்கு மேலாக என் வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிறவனுக்கு நீங்கள் தரும் மரியாதை இதுதானா?

நான் என்ன உங்கள் வாயைப் பிளந்தா ஊற்றினேன்? வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று, மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேனா இல்லையா? ஒரு நாளைக்கு ஆறு என்று விழுங்கியது யார்? டாக்டர் சீட்டில்லாமல் கொடுத்தேன், ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் வந்து கெஞ்சியதால்தான் கொடுத்தேன். வேறு எவனிடமாவது போய்க் கண்டதை வாங்கித் தின்றுவிடப் போகிறீர்களே என்றுதான் கொடுத்தேன். இப்போது அந்த டாக்டருக்கு எழுதினால் என் கடைக்குப் பூட்டு. எனக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

கோப்பில் ஏதோ ஒரு காரணம் சொல்லத்தானே வேண்டியிருந்தது. உங்கள் அப்பா உயிரோடு இல்லை, அவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். இனிமேல் இது பற்றி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்


ஏப்ரல் 24
மூன்றாம் வார்டு

மச்சானுக்கு,

முப்பது வருஷமாக நீ, வாடா, போடா. திடீரென்று 'நீங்கள்' ஆகிவிட்டேன். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததுமே நீ எழுதப்போவது எல்லாம் புரிந்துவிட்டது.

கடிதத்தை நான் கிழிக்கவில்லை. டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். உன் தங்கை வேலை செய்யும் அச்சகத்துக்கே போன் செய்து அவளை வரச் சொன்னார். உன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினால் அவளுக்குச் செய்தி போய்ச் சேராது என்று நான்தான் சொன்னேன்.

மறுநாளே வந்தாள். பார்வையாளர் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். என் வாயைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். பிறகு உன் கடிதத்தைப் படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். இல்லை.

"பிறவியிலேயே இருந்திருக்கும்னு அண்ணன் சொன்னதுலேர்ந்து நான் குட்டியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். "தூங்காம புரண்டா பயம். பொம்மையோட தனியா பேசினா பயம். இவளுக்கும் வந்துடுமோன்னு. ரெண்டு மாசமா அவ பொம்மைய ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"உங்க அண்ணன் இப்படிப் பண்ணுவான்னு..." என்று ஆரம்பித்தேன்.

"அண்ணன் குடுத்தாரு. நீங்க போட்டீங்க" என்றாள். "எத்தன வருஷம்?"

"நாலு."

"நாலு வருஷம். ஒரே வீட்டுல உக்காந்து சாப்ட்டோம். ரெண்டு பேருல ஒருத்தருக்காவது எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலைல்ல? உங்களுக்குள்ள சிரிச்சுக்க ஒரு பேரு வேற வெச்சிருக்கீங்க."

குட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். இன்னும் குளியலறைக் கதவைச் சாத்த விடுவதில்லையாம். பள்ளியில் கழிப்பறைக்கே போகாமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறாளாம். நீ எனக்கு எழுதியது, பள்ளிக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள் என்று.

கடிதத்தை அவளே எடுத்துப் போய் டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தாள். கோப்பில் திருத்தி எழுதச் சொல்லித் தன் கையெழுத்தைப் போட்டாள். 'என் மாமனாருக்கு மனநோய் இருந்ததில்லை' என்று என் அப்பாவைப் பற்றி அவளே ஒரு வரி சேர்த்தாள். அதற்காக அவளுக்கு ஆயுசு முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். கடிதத்தின் நகல் மருந்துக்கடைகளைக் கண்காணிக்கிற அலுவலகத்துக்கும் போயிருக்கிறது. அவர்கள் உன்னிடம் வருவார்கள், இந்நேரம் வந்திருக்கலாம்.

இருவரும் உன் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள் என்பது உனக்கே தெரிந்திருக்கும். எங்கே என்று என்னைக் கேட்காதே. என்னிடமும் சொல்லவில்லை. உனக்கு இதையெல்லாம் எழுதும்படி மட்டும் சொன்னாள். தான் எழுதப்போவதில்லையாம்.

மருந்தைக் குறைத்துவிட்டார்கள். தாடை இளகியிருக்கிறது. கை எப்போது சரியாகும் என்று சொல்ல முடியாதாம். பெரிய வண்டி இனி இல்லை. நீ பயமுறுத்திய உரிமத்தை நானே எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிட்டேன். போன வாரம் டாக்டரம்மா, "இப்ப யாராவது அந்த மாத்திரைய நீட்டினா வாங்குவீங்களா?" என்று கேட்டார். வாங்குவேன் என்றேன். பொய் சொல்லி அலுத்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும், நீ காகிதத்தை மடிக்கிற சத்தத்தை நினைத்தால் நாக்கில் நீர் ஊறுகிறது. மூளை அதை மறக்க வருஷங்கள் ஆகுமாம்.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை, மச்சான். கதவைப் பூட்டிய கை என்னுடையது. ஆனால் என் அப்பாவை நீ விற்றதையும், என் பிள்ளையை அதன் தாயே சந்தேகத்தோடு பார்க்கும்படி செய்ததையும் என்னால் தாண்ட முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை என்னை விடுகிறார்கள். பழக்கத்தில் நீ வண்டி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாலும் நிற்பாய். நிற்காதே. நீ நின்றால் நான் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போக வேண்டியிருக்கும். எனக்கு இன்னும் அவ்வளவு தூரம் நடக்க வரவில்லை.

இப்படிக்கு,
குட்டியின் அப்பா