படகைக் கண்ணில் படாமல் நிறுத்தியவருக்கு

அக்கா,

இன்று மாலை அம்மா வீட்டு டிவியில் வேறு ஏதோ மாவட்டத்து வெள்ளத்தைக் காட்டினார்கள். லாரியிலிருந்து ஆரஞ்சு நிறப் படகை இறக்க, கரையில் நின்ற ஜனங்கள் சிரித்துக் கையசைத்தார்கள். சோறு பிசைந்த கையோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு.

நீங்கள் எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருந்த காலம் அது. தாலுகா ஆபீஸில் வருவாய் ஆய்வாளர். தெருவுக்கெல்லாம் ஆர்.ஐ. அம்மா, எனக்கு மட்டும் அக்கா. என் மகன் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். மேட்டூர் அணை நிரம்பி, வந்த தண்ணீரையெல்லாம் முக்கொம்பு அணையில் கொள்ளிடம் ஆற்றுக்குத் திருப்பியிருந்தார்கள். கரையை ஒட்டிய நம் தெரு இருட்டுவதற்குள் காலியாக வேண்டும் என்று உத்தரவு. கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப்போக இரண்டு பஸ்கள் தெருமுனையில் காத்துக்கொண்டிருந்தன. ஒருவரும் ஏறவில்லை.

காரணம், காலையிலேயே மத்திய மீட்புப் படை வந்து இறங்கியிருந்தது. படகுகளும் கயிறுகளும் மிதவைச் சட்டைகளுமாகத் தெருக்கோடியில் அவர்கள் நின்றதைப் பார்த்ததும் நம் ஜனங்களுக்குப் பயமே போய்விட்டது. படைக்காரர்களுக்கு டீ கொடுத்தார்கள், வாழைப்பழம் கொடுத்தார்கள், பிள்ளைகளைப் படகில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். யாரோ ஒரு புண்ணியவதி படகின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனாள்.

"டெல்லிலேர்ந்தே ஆளுங்க வந்து நிக்கறாங்க. இதுக்கு மேல என்ன? கைக்குழந்தைய மண்டபத்துக் கொசுக்கடியில போடணுமா?" என்றார் என் மாமியார். என் கணவர் அரியமங்கலத்தில் பட்டறையில் இருந்தார். நான் குழந்தையின் பையைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

நீங்கள் படியிறங்கி வந்தீர்கள். "பையக் கட்டி வெச்சுக்கிட்டு ஏம்மா நிக்கற?"

"படகு இருக்கேக்கா."

"இருக்கு. கரண்ட் இல்லாத இருட்டுல, நெஞ்சளவு தண்ணியில நின்னுக்கிட்டு, இவன அதுல எப்படி ஏத்துவ?"

நீங்கள் பதிலுக்கு நிற்கவில்லை. நேராகப் படையின் அதிகாரியிடம் போனீர்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே வந்தேன்.

"சார், படகையெல்லாம் அந்த ஸ்கூல் மைதானத்துக்குப் பின்னாடி கொண்டுபோயிடுங்க."

அவர் மலையாள வாடையடிக்கும் தமிழில் கேட்டுச் சிரித்தார். "எங்கள ஒளிச்சு வெக்கச் சொல்றீங்களா, மேடம்? இவங்கள காப்பாத்தத்தானே வந்திருக்கோம்."

"பஸ்ஸுல ஏறிட்டா நீங்க காப்பாத்தவே வேணாமே. உங்களப் பாத்துதான் சார் இவங்க நகர மாட்டேங்கறாங்க. மைதானம் பக்கத்துலதான். கூப்பிட்டா ஓடி வந்துடலாம்."

"எங்க நிக்கணும்னு உங்க கலெக்டர் ஆபீஸ் சொல்லட்டும். நிக்கறோம்."

அதுவரை படை வந்தால் எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. மாநிலம் கேட்டால் வருகிறார்கள். எங்கே நிற்பது என்பதை ஊர் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் போனை எடுத்து, யாரிடமோ கொஞ்சம் கெஞ்சி, கொஞ்சம் அதட்டி, உத்தரவு வாங்கினீர்கள்.

குங்குமப் பொட்டோடு படகுகள் லாரியேறின. தெருவே கூடிவிட்டது.

"இருந்த படகையும் தூக்கிட்டுப் போறாங்களே!"

"ஆர்.ஐ. அம்மா, உங்க புள்ள இங்க இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?"

நீங்கள் பஸ்ஸைக் காட்டினீர்கள். காலையிலிருந்து நீங்கள் வாசல் வாசலாகப் பேசியும் நடக்காதது அப்போது நடந்தது. முண்டியடித்து ஏறினார்கள். என் மாமியார் என்ன நினைத்தாரோ, மிக்ஸியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினார்.

தண்ணீர் கடைசி வீட்டுப் படியைத் தொட்டுவிட்டு நின்றுகொண்டது. அதற்கு மேல் வரவில்லை. படகுகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

திரும்பி வந்த ஜனங்கள் உங்களை விடவில்லை. தெருக்குழாயடியில் அதே பேச்சு. "வராத தண்ணிக்கு ஊரையே மண்டபத்துல படுக்க வெச்சாங்க. காப்பாத்த வந்தவங்களையும் வெரட்டி விட்டுட்டாங்க." யாரோ மேலே புகார் எழுதிப்போட்டு, உங்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். எனக்குப் பொறுக்கவில்லை. மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த உங்களிடம், "நீங்க ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலாமேக்கா" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? ஒரு வீடு விடாம திட்டறாங்க." புடவையை உதறிக் கொடியில் போட்டீர்கள். "அப்ப எல்லா வீட்லயும் ஆள் இருக்கு." பிறகு கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டே, "உங்க மாமியார் சத்தம்தான் ஜாஸ்தி" என்று சிரித்தீர்கள்.

அடுத்த வெள்ளத்துக்கு நீங்கள் இல்லை. நோய் சீக்கிரமே முடித்துவிட்டது. சாவு வீட்டில் நம் தெருவே நின்றது. அந்தப் படகைப் பற்றி யாரும் பேசவில்லை. மாடியில் இப்போது வேறு குடித்தனம்.

பயம் எனக்குக் குறையவில்லை அக்கா. மேட்டூர் என்று செய்தியில் ஒரு சொல் வந்தாலே எழுந்துபோய் வாசல்படியைப் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது தெரிந்திருக்கிறது. இந்த முறை தண்டோராவுக்கோ படைக்கோ காத்திருக்கவில்லை. பாலம் திறந்திருக்கும்போதே மகனையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு, துறையூரில் என் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. எல்லோரும் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தார்கள். என் மாமியார் மட்டும் என்னைப் பார்த்துத் திட்டிக்கொண்டே வந்தார். "ஒரு சொட்டு வரப்போறதில்ல, பாத்துக்கிட்டே இரு. பயந்தாங்கொள்ளி! வீட்டப் போட்டுட்டு ஓடுறா." முன்சீட்டுக்காரர்கள் திரும்பிச் சிரித்தார்கள். மகன் அவர் மடியில் தூங்கிப்போயிருந்தான்.

துறையூர் வரும்வரை அவர் நிறுத்தவில்லை. நானும் குறுக்கே பேசவில்லை.