நுரைக்காத இருபத்து நான்கு போத்தல்கள்

ஃபிட்டரே,

உன் போத்தல் ஒன்று என் மேசைமேல் நிற்கிறது. திறந்து அரை மணி ஆகிறது. திறக்கும்போது வரவேண்டிய ‘புஸ்’ வரவில்லை. குவளையில் ஊற்றினேன், ஒரு குமிழ்கூட மேலே ஏறவில்லை. ஆறிப்போன தேத்தண்ணி மாதிரி கிடக்கிறது. வாசம் மட்டும் அப்படியே உன் வாசம். நீ குசினியில் பீருக்கு மால்ட் காய்ச்சிய மறுநாள், எண்ணெய்க் கறையோடு தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குள் நுழைவாயே, அப்போது உன் சட்டையிலிருந்து வருமே, அதே வாசம்தான்.

இன்று தீபாவளி. தூறலில் நனைந்துகொண்டே பிள்ளைகள் லயத்து வாசலில் பட்டாசு கொளுத்துகிறார்கள். எனக்குப் புதுச்சட்டை போட மனம் இல்லை. உனக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். உன் மனைவியிடம் சொல்லவேண்டியதுதான். அங்கே வாய் வராததால் இங்கே எழுதுகிறேன்.

கடைகளெல்லாம் மூடிக் கிடந்த அந்தக் கொரோனா மாதங்களில்தான் உனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. கைத்தொலைபேசியில் எதையோ பார்த்துவிட்டு, “பீரு என்னா பெரிய பீரு, டிரையர் மிசினையே பிரிச்சு மாட்டுறவன் நான்” என்று கிளம்பினாய். முதல் தடவை சீனி கூடிப்போய் மூன்று போத்தல்கள் கட்டிலுக்கு அடியில் வெடித்தன. உன் மனைவி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என் வீடு வரைக்கும் ஓடிவந்தாள். அதற்குப் பிறகுதான் உனக்கு அளவு பிடிபட்டது. போத்தலுக்குத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி சீனி, பிறகு மூடி, பிறகு இரண்டு வாரம் கம்பளிக்குள் தூக்கம். ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்ன விளக்கம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. “ஈஸ்ட்டும் பசியாறணும் லா கிராணி. அது சீனியத் தின்னு மூச்சு விடும். அந்த மூச்சுதான் நொரை.”

கடைசியாக நீ போத்தலில் அடைத்த ஞாயிற்றுக்கிழமையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். குசினித் தட்டிலிருந்த சீனி டப்பாவை எடுத்து நீ கரண்டி கரண்டியாகப் போட்டாய், நான் மூடிகளை அழுத்தினேன். மொத்தம் இருபத்து நான்கு. ஒன்பதாம் நாள் காலை குளிக்கப் போன நீ விழுந்தாய். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் கொண்டுபோனோம். பின்சீட்டில், உன் மனைவி மடியில் உன் தலை. கண்ணாடியில் உன் முகத்தைப் பார்க்கப் பயந்து பாதையையே பார்த்து ஓட்டினேன். அந்தப் பாதையில் எத்தனை வளைவு என்று உனக்குத் தெரியும். நாங்கள் போய்ச் சேரும்போது நீ இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். “இந்த வருஷம் நமக்குத் தீபாவளி இல்லண்ணே. முதல் நாள் படையல் மட்டும் போடுறேன். அவரு கையால செஞ்ச பீரத்தான் வைக்கணும். நீங்கதான் பாத்துக் குடுக்கணும்.” ஒரு போத்தலைத் திறந்து பார்த்தேன். சத்தமே இல்லை. இரண்டாவதும் அப்படியே. கடைப் பீர் வாங்கி வைக்கலாமே தங்கச்சி என்றேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு, எல்லாப் போத்தல்களையும் காரில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஆபீசில் பேனா பிடித்தே பழகிய கிராணிக் கை எனக்கு. ரிப்பேர் என்றால் உன்னைத்தான் கூப்பிடுவேன். இப்போது யாரைக் கூப்பிடுவது? ஃபேக்டரியில் மிசின் நின்றால் நீ சொல்வாயே, “சும்மா முழிக்காத. ஒவ்வொன்னா கழிச்சிக்கிட்டே வா, மிச்சம் நிக்கிறதுதான் திருடன்” என்று, அதைப் பிடித்துக்கொண்டேன். முதலில் மூடி. போத்தலைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் பிடித்துப் பார்த்தேன், கசிவு இல்லை. என் அழுத்தல் சரிதான். அடுத்தது குளிர். நீ போனபின் அந்த வீட்டில் யார் கம்பளி போர்த்தினார்கள்? எல்லாவற்றையும் போர்த்தி, சுடுதண்ணீர் ஜாடிகளை நடுவில் வைத்து, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் இரண்டு வாரம் பார்த்தேன். நாளுக்கொரு தடவை மெதுவாகச் சாய்த்து அடிவண்டலைக் கலக்கியும் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஈஸ்ட் செத்துவிட்டதோ என்று வண்டலை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு என் வீட்டுச் சீனியைப் போட்டேன். சாயங்காலத்துக்குள் பொங்கி நின்றது. உயிரோடுதான் இருக்கிறது. பிறகு எதற்கு இந்த மௌனம்?

மிச்சம் நின்றது சீனி. நீ அதைப் போட்டதை என் கண்ணால் பார்த்தவன் நான். பீரை ஒரு வாய் குடித்தும் பார்த்தேன், இனித்தது. இனிப்பு இருக்கிறது, தின்ன ஈஸ்ட்டும் இருக்கிறது, ஏன் தின்னவில்லை? மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். படையலுக்கு மூன்று நாள் இருந்தபோது உன் வீட்டுக்குப் போய், அவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, டப்பாவைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். முதலில் இனிப்பு. பிறகு தொண்டையில் ஒரு கசப்பு.

அடப்பாவி, அந்தக் கசப்பை நீ என்னிடம் சொல்லியிருக்கிறாய்! இனிப்பு நீர் வியாதி முற்றிவிட்டது, சீனியைத் தொடாதே என்று டாக்டர் கண்டித்த பிறகு, வேலை முடிந்து தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தாயே. “ஒரு தே போடு லா. மூணு கரண்டி. என் வீட்டுச் சீனி இப்பல்லாம் சுத்த மோசம், கசக்குது.” என் மனைவி ஈப்போவில் மகள் வீட்டில் இருந்தாள். கேட்க ஆளில்லை. டாக்டர் சொன்னாரே என்று ஒரே ஒரு நாள் கேட்டேன். “டாக்டரு என்னா, என் வாய்க்குள்ளயா உக்காந்திருக்காரு?” என்றாய். சிரித்தேன். சிரித்துக்கொண்டே மூன்று கரண்டி போட்டேன். இரண்டு மாதம், ஒரு நாள் தவறாமல்.

அது சீனியே இல்லை. இனிப்பு நீர்க்காரர்களுக்கு விற்கிறார்களே, சீனி மாதிரியே வெள்ளையாக ஒரு தூள், அது. உன்னிடம் சொன்னால் சண்டைக்கு வருவாய் என்று அவள் சத்தமில்லாமல் டப்பாவில் மாற்றி வைத்திருக்கிறாள். அதை ஈஸ்ட் தின்னாது. நல்ல சீனி போட்டு மறுபடி மூடினால் நுரைக்கும், ஆனால் அதற்கு இரண்டு வாரம் வேண்டும், என் கையில் இருந்ததோ மூன்று நாள். நுரைக்காததையே படையலுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

நேற்றுச் சாயங்காலம் படையல். வாழை இலையில் ஆட்டிறைச்சிக் குழம்பு, பொரித்த கருவாடு, உன் சிகரெட், உன் படம். நான் போத்தலைத் திறந்து ஊற்றினேன்.

“என்னண்ணே, நொரையே வரல?”

“குளிரு, தங்கச்சி.”

“எத்தன வருஷமா இதே குளிருதான? அப்பல்லாம் வந்துச்சே?”

நான் மூடியை எடுத்து இலை ஓரத்தில் வைத்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அவருக்குக் கோவம்ணே. நான்தான் அவர ஏமாத்துனேன். சொல்லிச் சொல்லிப் பாத்தேன், கேக்கல. டவுன்ல அந்தப் பொய்ச் சீனிய வாங்கி டப்பால கொட்டி வச்சேன். தெனம் அத கலக்கிக் குடுத்துட்டு மூஞ்சியப் பாத்து சிரிச்சேன். கண்டுபிடிச்சிருப்பாரு, அதான் இப்பிடிக் காட்டுறாரு.”

இதற்காவது என்னிடம் பதில் இருந்தது. “இல்ல தங்கச்சி. சத்தியமா அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அதப் போயி பீர்ல போட்டிருப்பானா? அது நொரைக்காதுன்னு அவனுக்குத் தெரியாதா? உன் டப்பாவ நம்பித்தான் போட்டான்.”

குவளையை எடுத்து உன் படத்துக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். முகம் மெல்லத் தெளிந்தது. உண்மை ஒருவரை ஆற்றுவதைப் பார்க்க எனக்கும் நிம்மதியாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப ரெண்டு மாசமும் சீனியே தொடாமத்தான இருந்தாரு? நான் நல்லாத்தான பாத்துக்கிட்டேன்? பொறவு ஏன்ணே போயிட்டாரு?”

ஃபிட்டரே, நான் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, “நல்லாத்தான் பாத்துக்கிட்ட, தங்கச்சி” என்றேன். அவள் உன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். படைத்ததை வீணாக்கக் கூடாது என்று ஒரு போத்தலை என் கையில் கொடுத்தாள். “காலைல பசியாற வந்துடுங்கண்ணே. உங்கள விட்டா அவரப் பத்திப் பேச எனக்கு யாரு இருக்கா?”

அந்தத் தேத்தண்ணியால்தான் நீ போனாயா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. கேட்கப் பயம். சொன்னால் அவள் என் முகத்தில் விழிக்கமாட்டாள். சொல்லாவிட்டால், தன் கணவனைக் காப்பாற்ற அவள் செய்ததெல்லாம் வீணாய்ப் போனது ஏன் என்று சாகும்வரை கேட்டுக்கொண்டே இருப்பாள். எதைச் செய்தாலும் அவளுக்குத்தான் வலி.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நீ ‘போடா’ என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாய், அது எனக்குத் தெரியும். யாரிடம் கேட்கவேண்டுமோ அவள் நாலு வீடு தள்ளி இருக்கிறாள். மணி ஒன்பதாகப் போகிறது. தோசைக்கல்லை வைத்துவிட்டு, நான் வருகிறேனா என்று கதவைக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.