அளவு எடுக்க நின்றவருக்கு

அப்பா,

இன்று ஐ.என்.ஏ. மார்க்கெட் டிரைகிளீனர் உங்கள் கோட்டை உள்பக்கம் புரட்டிப் பார்த்தார். "பஹன்ஜி, இவ்வளவு துணியை உள்ளே மடக்கித் தைத்தது யார்? பிரித்துவிட்டால் இன்னோர் ஆளே நுழையலாமே" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அந்துருண்டையும் கம்பளியும் சேர்ந்த அந்த வாசனை என் கையிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், உங்களோடு சண்டை போடத்தான்.

அது என் டெக்ஸ்டைல்ஸ் படிப்பின் கடைசி வருஷம். கூடப் படித்தவர்கள் எல்லாம் ப்ராஜெக்டுக்குப் புடவை, படுக்கை விரிப்பு என்று எடுத்துக்கொண்டபோது நான் மட்டும் வீம்புக்கு ஆண்கள் உடை என்றேன். கல்லூரித் தறியில் சாம்பல் நிறக் கம்பளித் துணியை நானே நெய்தேன். அதில் தில்லி அதிகாரிகள் போடுகிற மாதிரி கழுத்து மூடிய பந்த்கலா கோட்டு. துணி அருமையாக வந்துவிட்டது. வெட்டித் தைப்பதுதான் எனக்குப் புதிது. அளவு எடுக்க ஓர் ஆண்பிள்ளை வேண்டுமே, நம் மோதி பாக் குவார்ட்டர்ஸில் உங்களை விட்டால் எனக்கு யார்?

சஃபாரி சூட்டும் அம்மா பின்னிய ஸ்வெட்டருமாகவே காலத்தை ஓட்டிய கிளார்க் நீங்கள். கோட்டு என்றதும் உங்களுக்கு ஒரே குஷி. பீரோக் கண்ணாடி முன்னால் போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை போல விறைத்துக்கொண்டு நின்றீர்கள். "வயித்த உள்ள இழுக்காதீங்கப்பா" என்றேன். "இழுக்கலைளா, இது அவ்வளவுதான்" என்றீர்கள். தில்லியில் இத்தனை வருஷம் இருந்தும் உங்கள் திருநெல்வேலிப் பேச்சு மட்டும் போகவேயில்லை.

முதலில் காடாத் துணியில் மாதிரி தைத்துப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. அதே அளவில் கம்பளியை வெட்டித் தைத்துப் போட்டால் தொளதொள என்று தொங்கியது. பக்கத்துத் தையலைப் பிடித்தேன். அடுத்த வாரம் மறுபடி தொங்கியது, மறுபடி பிடித்தேன். பிறகு தோள் இறங்கியது. எங்கள் பஞ்சாபி டீச்சர் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "நாப் கலத் ஹை! அளவே தப்பு. டேப் பிடிக்கத் தெரியாதவளுக்கு மென்ஸ்வேர் எதற்கு?" என்றார். வீட்டில் வந்து அழுதேன். நீங்கள் தலையைத் தடவி, "புதுசுதானளா, கொஞ்சம் பிடிச்சு விடு, சரியாப் போவும்" என்றீர்கள். தட்டில் சோறு அப்படியே இருக்கும். கேட்டால், ஆபீஸ் கான்டீனில் சமோசா தின்றுவிட்டேன் என்பீர்கள். அம்மாவும் நானும் அதை நம்பினோம்.

கல்லூரியில் காட்சிக்கு வைக்கிற நாளில் நீங்களே அதைப் போட்டுக்கொண்டு நடந்தீர்கள். காலர் கழுத்தைத் தொடவேயில்லை. துணிக்கு நல்ல மார்க்கும், தையலுக்கு அவமானமும் கிடைத்தன. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்குக் கை சரியில்லப்பா, இந்தத் தொழிலே வேண்டாம்" என்றேன். நீங்கள் பஸ் டிக்கெட்டைச் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "ஒன் கை சரியாத்தான் இருக்கு. நாந்தான் கொறையுதேன்."

அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது: வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லிவிட்டார்களாம். ஆபரேஷனுக்குச் சேரச் சொல்லியும், "பிள்ளை கோட்டத் தச்சு முடிக்கட்டும்" என்று தள்ளிப்போட்டீர்களாம். பிறகு சேர்த்தபோது டாக்டர், "முன்னாலேயே வந்திருக்கலாமே" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள்.

ஹோலிக்கு முன்பே போய்விட்டீர்கள். கடைசியாக உங்களுக்கு வேட்டிதான் கட்டினார்கள். அதற்கு அளவு வேண்டாம்.

எனக்கு ஆறவேயில்லை அப்பா. ஒவ்வொரு வாரமும் உங்கள் மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டவள் நான். குறைந்தது உடம்பு என்று தோன்றாமல் என் கையையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்களும் அந்தக் குற்றத்தின் பின்னால் சௌகரியமாக மறைந்துகொண்டீர்கள். ஒரு கோட்டுக்காகவா? யார் கேட்டார்கள் உங்களிடம்?

ஆண்கள் உடை பக்கம் அதற்குப் பிறகு நான் போகவில்லை. ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் திரைச்சீலைத் துணி பார்க்கிறேன். ஜன்னல்கள் இளைப்பதில்லை.

போன மாதம் என் வீட்டுக்காரருடைய சட்டை தோளில் கொஞ்சம் தளர்ந்திருந்தது. "வெயிட் குறைக்கிறேன், நல்லதுதானே, ஒண்ணுமில்ல" என்றார். இந்தத் தடவை நான் ஊசியை எடுக்கவில்லை. ஆபீஸுக்கு லீவு போட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். நிஜமாகவே ஒன்றுமில்லை. வெளியே வந்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அங்கேயே படியில் உட்கார்ந்து, உங்களுக்காக அன்று அழாததையெல்லாம் அழுதேன்.